ஆறு கடக்கிற மாதிரி

1967 நவம்பர் 12, ஞாயிறு

பூசை முடிந்து ஆற்றைத் தாண்டி வீடு வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. சின்னாற்றில் இடுப்பளவு தண்ணீர். மாதா கோயில் அந்தக் கரையில், நாங்கள் இந்தக் கரையில். மழைக்காலத்தில் எல்லோரும் வரிசையாக மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் பூசைக்குப் போய் வருகிறோம்.

அவருக்குப் பட்டாளத்து லீவு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். நான் ராகி மாவு சலித்துக்கொண்டிருந்தேன். முறத்தைப் பிடுங்கி, அடியில் முழு ராகியைப் பரப்பி, அதன்மேல் சலித்த மாவைக் கொட்டி, உள்ளங்கையால் தட்டித் தட்டி அமுக்கினார். மலையில் பனி எப்படிச் சரிகிறது என்று எனக்குப் பாடம் எடுக்கிறாராம். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கப் பாடம் எடுத்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் ஒரு வாத்தியார்.

முறத்தைச் சாய்த்தார். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் சாய்த்தார். அப்போதும் மாவு அசையவில்லை. பிறகு ஒரு விரலால் மேலே தொட்டார். மாவில் குறுக்கே ஒரு கோடு விழுந்தது, அவ்வளவுதான், மொத்த மாவும் பலகையாக வழுக்கிக்கொண்டு தரைக்கு வந்துவிட்டது. "பாத்தியா, ஒரு விரல்தான். கீழ இருக்கற பழைய பனி குளிர்ல மணிமணியா ஆயிடும். மேல விழுந்த புதுசு, காத்து அடிச்சுப் பலகையாட்டம் உக்காந்துக்கும். பாக்கக் கெட்டியாத்தான் இருக்கும்."

மாவைக் கோழி தின்றது. நான் திட்டித் தீர்த்தேன். அவர் அதைக் காதில் வாங்காமல் மேலே சொல்லிக்கொண்டே போனார். விடிவதற்கு முன்னால் தாண்டிவிட வேண்டுமாம், வெயில் பட்டால் போச்சாம். முதுகு மூட்டையின் வார்களைத் தளர்த்திக்கொள்ள வேண்டுமாம். சிவப்புக் கயிறு ஒன்றை இடுப்பில் கட்டிப் பின்னால் இழுபடவிட வேண்டுமாம், புதைந்தால் கயிற்றைப் பிடித்துத் தோண்டுவதற்கு. எல்லாவற்றையும்விட முக்கியம், சரிவில் ஒரு நேரத்தில் ஒரே ஆள்தான் இருக்க வேண்டும். அவன் அக்கரை சேர்ந்த பிறகுதான் அடுத்தவன் கால் வைக்க வேண்டும்.

நம் ஆற்றில் அப்படி ஒவ்வொருவராகப் போனால் ஊரில் ஆள் மிஞ்சாது என்றேன். சிரித்தார். "அது ஆறுடி. இது பனி" என்றார்.

1967 நவம்பர் 19, ஞாயிறு

தருமபுரி தாண்டிப் போய் ரயில் ஏற்றிவிட்டு வந்தோம். இந்தத் தடவை அவரோடு மதலைமுத்துவும் போகிறான். கோயில் பக்கத்துக் காட்டுக்கொட்டாயில் இருக்கிற வேளாங்கண்ணி அம்மாளின் மகன். பயிற்சி முடித்து, முதல்முறையாக மலைக்குப் போகிறான். இவர் பட்டாளத்திலேயே போட்டிருக்கிறார்கள். அந்த அம்மாள் மகனின் கையைப் பிடித்து இவர் கையில் வைத்து, "சவுரியப்பா, இவனக் கைப்பிடியா கூட்டிட்டுப் போயி, கைப்பிடியா கூட்டிட்டு வந்துரு" என்றார். இவரும் பெரிய மனுஷன் போலத் தலையாட்டினார்.

என் கையைப் பிடிக்க அவருக்கு நேரமில்லை. பெட்டியைத் தூக்கவே சரியாக இருந்தது.

1968 ஜனவரி 7, ஞாயிறு

கடிதம் வந்தது. எந்த மலை, எந்த ஊர் என்று எழுதக் கூடாதாம். இலக்கம் மட்டும்தான் விலாசம். வகுப்பில் தேசப்படத்தை மாட்டும்போதெல்லாம் வடக்கே அந்தப் பழுப்பு நிறத்தில் எங்கே இருக்கிறார் என்று பார்க்கிறேன். பிள்ளைகள் நான் ஏதோ பாடம் நடத்தப்போவதாக நினைத்துச் சிலேட்டை எடுக்கிறார்கள்.

களி தின்ன ஆசையாக இருக்கிறதாம். மதலைக்கு இன்னும் பயம் தெளியவில்லையாம், சரிவைப் பார்த்தாலே கால் ஓடவில்லையாம். பயப்படுகிறவன்தான் அங்கே பிழைப்பான் என்று எழுதியிருக்கிறார். அப்படியென்றால் இவர்?

1968 பிப்ரவரி 26, திங்கள்

தந்தி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டது. தலைமையாசிரியர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். நானே வாங்கிப் படித்தேன்.

இருபதாம் தேதி பனிச்சரிவு. காணவில்லை. தேடுகிறார்கள்.

மூன்றாம் வாய்ப்பாடு பாதியில் நின்றது. பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சொல்லுங்கடா என்றேன். சொன்னார்கள்.

1968 பிப்ரவரி 28, புதன்

விபூதிப் புதன். நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய் என்று சாமியார் நெற்றியில் சாம்பல் பூசினார். அவருக்கு மண்ணும் கிடைக்கவில்லை சாமி என்று சொல்ல வாய் வரை வந்தது.

1968 மார்ச் 10, ஞாயிறு

அத்தையிடம் என்ன சொல்வது? என் மாமியார் மிக்கேலம்மாள் தந்தியை ஒரு வழியாகப் புரிந்துகொண்டு அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். "காணோம்னுதான போட்டிருக்கான்? செத்துட்டான்னு போடலியே. ஆடு காணாமப் போனாத் தேடுனாக் கெடைக்குதில்ல?" விசாரிக்க வருகிறவர்களுக்கெல்லாம் இதையேதான் சொல்கிறார். வந்தவர்களும் ஆமாங்க, ஆமாங்க என்கிறார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் அன்றைக்கு முறத்தை வைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். அதை இங்கே எழுதாமல் இருந்தேன். "மொதக் கால் மணி நேரத்துக்குள்ள தோண்டி எடுத்தா ஆளு. அப்பறம் எடுக்கறது உடம்பு." தண்ணீரில் நீந்துவது போலக் கைகளை வீச வேண்டும், சரிவு நிற்கப்போகும் நேரத்தில் கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து மூச்சுக்குக் கொஞ்சம் இடம் செய்துகொள்ள வேண்டும், அந்த இடம் இருக்கிறவரைதான் உயிர் என்றார். ஏன் இதையெல்லாம் எனக்குச் சொன்னார்? ஒன்றும் தெரியாத பொம்பளையாக இருந்தால் நானும் அத்தையோடு உட்கார்ந்து காத்திருப்பேனே.

1968 ஏப்ரல் 14, ஞாயிறு

பாஸ்கு, ஆண்டவர் உயிர்த்த நாள். கல்லறை காலியாக இருந்தது என்று பிரசங்கம். பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

1968 மே 16

கத்தரி வெயில். ஆறு மணலாகக் கிடக்கிறது. தெருவில் நாய்கூட இல்லை. எல்லோரும் வெயிலைச் சபிக்கிறார்கள், நான் மட்டும் இன்னும் அடி என்கிறேன். இங்கே அடிக்கிற வெயிலில் கொஞ்சம் அங்கே போனால் போதும். உருகட்டும். என்ன இருக்கிறதோ வெளியே வரட்டும்.

தாலியைக் கழற்றவா வேண்டாமா என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. அவர்களுக்கும் தெரியாது. கோயிலில் விதவைகள் பக்கம் உட்காருவதா, மற்ற பெண்கள் பக்கமா? இப்போதெல்லாம் கதவு ஓரமாக நின்றுகொள்கிறேன்.

1968 ஜூலை 23

பட்டாளத்திலிருந்து கடிதம். பனி இளகிய பிறகு மறுபடி தேடினார்களாம். கிடைக்கவில்லை. அடுத்த கோடையில் மீண்டும் பார்ப்பார்களாம். அதே சரிவில் மதலைமுத்துவை உயிரோடு எடுத்தார்கள் என்று ஏற்கெனவே தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருக்கிறான் என்று எழுதியிருக்கிறது.

அவன் வருகிறான்.

1968 ஆகஸ்ட் 18, ஞாயிறு

மதலைமுத்து ஊருக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. என் கண்ணில் படவில்லை. இன்று பூசை முடிந்ததும் நானே காட்டுக்கொட்டாய்க்குப் போனேன். வேளாங்கண்ணி அம்மாள் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்.

கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். எழுந்து நிற்கப் பார்த்தான். கால் விரல்கள் பாதி இல்லை. வலது கையில் ஒரு விரலும் இல்லை, மணிக்கட்டும் உள்ளங்கையும்தான். அந்தக் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டான். என்ன நடந்தது என்று மட்டும் சொல் என்றேன்.

கீழே முகாமுக்குத் திரும்பும் ரோந்து. தொடர்ந்து பனி கொட்டி அன்றைக்குத்தான் விட்டிருந்தது. கிளம்பும்போதே பொழுது ஏறிவிட்டது. அந்தச் சரிவை ஒவ்வொருவராகத்தான் தாண்டினார்கள், சொன்னபடியே. அவர் அக்கரையில் பாறைக்கு அடியில் போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசி ஆள் மதலை. நடுவில் போகும்போது காலுக்கு அடியில், தானியம் தீர்ந்த குதிரில் தட்டினால் கேட்குமே, அப்படி ஒரு சத்தம் வந்து பனி லேசாக அமுங்கியது. அதோடு கால் வரவில்லை. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. நின்றுவிட்டான்.

பாறையில் இருந்தவர்கள் வா வா என்று கத்தினார்கள். இவர் எழுந்தார். போகாதே என்று ஹவில்தார் சட்டையைப் பிடித்து இழுத்தாராம். உதறிவிட்டு வந்தாராம்.

"பக்கத்துல வந்து சிரிச்சாருங்க அண்ணி. ஆறு கடக்கற மாதிரி கையப் புடிச்சுக்கடா, கண்ண மூடிக்க, நான் கூட்டிட்டுப் போறேன்னாரு. மணிக்கட்டத்தான் புடிக்கப் பாத்தாரு. கோட்டு தடிமன்ல புடி அம்புடல. கையொறையோட சேத்துப் புடிச்சுக்கிட்டாரு. நானும் புடிச்சுக்கிட்டேன்."

நாலைந்து எட்டு வைத்திருப்பார்கள். மேலே ஒரு கோடு ஓடியது.

மதலையின் கை மட்டும் பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்ததாம். அங்கே உடுப்பு, கையுறை, எல்லாம் வெள்ளை. பனியில் கிடந்தால் தெரியாது. அவன் கையில் உறை இல்லை. வெறும் கறுப்புக் கை. அதைப் பார்த்துத்தான் ஓடிவந்து தோண்டினார்கள். அந்தக் கைதான் குளிரில் வெந்துபோய், ஆஸ்பத்திரியில் விரல்களை எடுத்துவிட்டார்கள். இழுபட்ட கயிற்றை வைத்து இவரைத் தேடினார்கள். சிவப்புக் கயிற்றில் அறுந்த துண்டு ஒன்றுதான் கிடைத்தது.

கடைசியில் அவன் என்னைப் பார்த்தான். "கைய வுட்டது நானா அண்ணனான்னு தெரியலீங்க. யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். தெரியலீங்க அண்ணி."

நான் ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். எழுந்து வந்துவிட்டேன்.

அதே நாள், மாலை

கரையேறின மனுஷன். பாறையைத் தொட்டவர். அங்கேயே உட்கார்ந்திருந்தால் என்ன? ஒரு நேரத்தில் ஒரே ஆள் என்று எனக்குப் பாடம் எடுத்தீங்களே, மாவைக் கொட்டிக் கொட்டிக் காட்டினீங்களே, அது யாருக்கு? எனக்கா பனி? தனியாக நின்றிருந்தால் அவன் மெதுவாக வந்து சேர்ந்திருப்பானோ என்னவோ. ரெண்டு பேர் பாரம் ஆனதால்தான் உடைந்ததோ என்னவோ. அவன் ஆத்தா கையைப் பிடித்துக் கொடுத்தாள் என்பதற்காகப் போனீங்களா? என் கையையும்தான் எங்கப்பா பிடித்துக் கொடுத்தார், கோயிலில் வைத்து. அது நினைவு வரலையா?

செத்தவரிடம் சண்டை போடுகிறேன். செத்தவர் என்று எழுதிவிட்டேன். இன்றுதான் முதல்முறை.

1968 அக்டோபர் 20, ஞாயிறு

நல்ல மழை. ஆற்றில் மார்பளவு வெள்ளம். பூசைக்குப் போகிறவர்கள் வரிசை கட்டினார்கள். பலமுள்ள ஆண்கள் மேற்புறம், பெண்களும் பிள்ளைகளும் நடுவில். கருப்பண்ணன் என் பக்கம் கையை நீட்டி, புடிங்க டீச்சர் என்றார். அவர் வேற்றுமதக்காரர், சந்தைக்குப் போக வந்தவர். ஆற்றில் அதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை.

என் கை எழவில்லை. தண்ணீருக்குக் குறுக்கே ஒரே கோடாக மனிதர்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பூசை வேண்டாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

1968 நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். எல்லோரும் அவரவர் கல்லறையில் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பூ வைத்தார்கள். அத்தையிடம் மெழுகுவத்தி வாங்கவா என்று கேட்டேன். "உசுரோட இருக்கறவனுக்கு எவளாவது ஏத்துவாளா?" என்றார். ஆனாலும் ஒன்று வாங்கினேன்.

எனக்கென்று ஓர் இடமும் இல்லை. கையில் ஒரு மெழுகுவத்தி மட்டும் இருந்தது. மாமனார் கல்லறையிலேயே ஏற்றிவிட்டு வந்தேன். மதலைமுத்து சுவருக்கு அந்தப் பக்கம் நின்றான். இப்போதெல்லாம் அவன் தனியாகத்தான் வருகிறான், தனியாகத்தான் போகிறான்.

1969 பிப்ரவரி 20

ஒரு வருஷம். அத்தை வழக்கம்போலச் சாயங்காலம் ஆட்டை எண்ணிக் கட்டினார். நான் தேர்வுத் தாள் திருத்தினேன். திருத்தியதில் பாதி தப்பு.

1969 ஜூன் 29

மே போனது, ஜூன் போகிறது. தபால்காரர் மாரப்பன் இப்போது எங்கள் வீட்டைத் தாண்டும்போது சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். பாவம், அவருக்கும் சங்கடம்.

1969 செப்டம்பர் 23, செவ்வாய்

கிடைத்துவிட்டார்.

ஆகஸ்டில், சரிவுக்கு வெகு கீழே, உருகின ஓடைப் பக்கம். இறக்கிக்கொண்டுவர வழியில்லாத இடம் என்பதால் முகாமுக்கு அருகிலேயே அடக்கம் செய்துவிட்டார்களாம். நம் சபையைச் சேர்ந்த ராணுவ வீரர் ஒருவர் ஜெபம் சொல்ல, சிலுவை நட்டிருக்கிறார்களாம். உடைமைகள் தனியாக வருமாம்.

அத்தையிடம் படித்துக் காட்டினேன். ஆடு மேய்க்கிற கோலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "சரி" என்றார். கோலைக் கூரையில் செருகினார். அப்புறம் அதை எதற்குச் செருகினார் என்று அவருக்கே தெரியாமல் மறுபடி எடுத்தார். ஒன்றரை வருஷமாக அவர்மேல் எனக்கிருந்த எரிச்சல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. காத்துக்கொண்டிருந்த ஒரு ஆள் வீட்டில் இருந்தார். இனி அதுவும் இல்லை.

தாலியை நானே கழற்றினேன்.

1969 அக்டோபர் 18, சனி

பெட்டி வந்தது. கைக்கடிகாரம், கழுத்தில் போட்டிருந்த மாதா உத்தரியம், பெல்ட்டு. கையுறை மூன்று.

இரண்டிருக்க வேண்டும். மூன்று இருந்தது. தப்பாகப் போட்டுவிட்டார்களோ என்று திருப்பிப் பார்த்தேன். இரண்டில் உள்பக்கம் அவர் இலக்கம், மையில். மூன்றாவதில் வேறு இலக்கம். பெரிய உறை, நாலு விரலுக்கும் சேர்த்து ஒரே பை. நடுவில் கசங்கி, கயிறு போல முறுக்கிக்கொண்டு, அப்படியே காய்ந்திருக்கிறது. அவர் பிடியிலிருந்து எடுத்ததாகச் சீட்டில் ஒரு வரி.

மதலையின் உறை.

அவர் விடவில்லை. அவனும் விடவில்லை. உறைதான் கழன்றிருக்கிறது.

1969 அக்டோபர் 26

இன்னும் கொடுக்கவில்லை. பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன். கொடுத்தால் என்ன ஆகும்? அவன் நிம்மதியாகத் தூங்குவான். எனக்கு? இவ்வளவு நாளும் அவன் விட்டிருப்பான் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைப்பதில் ஒரு பிடிமானம் இருந்தது. அவன் தலையைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் திட்டிக்கொள்ளலாம். இப்போது யாரைத் திட்டுவது? இறுக்கிப் பிடித்ததால் உறை கழன்றது. உறை கழன்றதால் வெறும் கை வெளியே தெரிந்தது. கை தெரிந்ததால் அவன் பிழைத்தான். எல்லாம் அவனுக்குச் சரியாகத்தான் நடந்திருக்கிறது.

சின்னப் புத்தி. எழுதிப் பார்த்தால் இன்னும் சின்னதாகத் தெரிகிறது.

1969 நவம்பர் 3, திங்கள்

நேற்று ஞாயிறு என்பதால் கல்லறைத் திருநாள் இன்றைக்கு. பள்ளிக்கு லீவு சொன்னேன். விடியும்போது ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான், அத்தையும் நானும் தனியாகவே தாண்டிவிட்டோம்.

மாமனார் கல்லறைக்குப் பக்கத்தில் சின்னக் குழி. உத்தரியத்தையும் அவருடைய இரண்டு கையுறைகளையும் அதில் வைத்தோம். சாமியார் மந்திரித்தார். அத்தையே மெழுகுவத்தி ஏற்றினார். காற்றில் அணைந்தது, மறுபடி ஏற்றினார்.

மதலைமுத்து வழக்கம்போலச் சுவருக்கு அந்தப் பக்கம். நானே போனேன். பையிலிருந்து எடுத்து நீட்டினேன். இடது கையால் வாங்கினான். என்ன என்று புரியாமல் திருப்பினான். இலக்கத்தைப் பார்த்தான்.

"அவர் கையில இருந்துச்சு. நீயும் விடல, அவரும் விடல" என்றேன்.

நான் நினைத்தது போல அவன் அழவில்லை. நிம்மதியும் படவில்லை. ரொம்ப நேரம் அந்த முறுக்கைத் தடவிக்கொண்டே நின்றான். "வுட்டிருந்தா அண்ணன் பொழச்சிருப்பாருங்களா?" என்று கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்றேன். ஒன்றரை வருஷமாக அவன் சுமந்த கேள்வியை வாங்கிக்கொண்டு, அதைவிடக் கனமான ஒன்றைக் கொடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. கொடுக்காமலே இருந்திருக்கலாம். இருந்திருந்தாலும் ஒன்றும் நன்றாகியிருக்காது.

அதற்குள் மேற்கே கொட்டிய மழையில் ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டது. செம்மண் தண்ணீர், இடுப்புக்கு மேல். மதலைக்கு இந்தக் கரையில், பாப்பாரப்பட்டியில் மருந்து வாங்க வேண்டுமாம், அவனும் வந்து நின்றான். வரிசை கட்டினார்கள். விரல் இல்லாதவனைக் கண்டதும் பக்கத்தில் இருந்த ஆள் தயங்கினார். மதலை தானாகவே விலகி, வரிசைக்குக் கீழே தனியாக இறங்கப் போனான். அந்தக் காலை வைத்துக்கொண்டு.

வா இங்கே என்றேன். அவன் துண்டுக்குள்ளிருந்த வலது கையை வெளியே இழுத்து மணிக்கட்டைப் பிடித்தேன். ஆற்றில் யாரும் விரலைப் பிடிப்பதில்லை. மணிக்கட்டு அவனுக்கு இருக்கிறது. மறுகையில் அத்தை.

நடுவில் இழுப்பு அதிகம். அவன் கால் இரண்டு தடவை வழுக்கியது. தனித்தனியாகப் போயிருந்தால் மூன்று பேருமே போயிருப்போம். அது ஆறு. அவர் சொன்னது சரிதான், அது ஆறு. நான் கண்ணை மூடிக்கொண்டேன் போலிருக்கிறது. மேலே எங்கேயோ ஒரு கோடு ஓடுவது மாதிரியே இருந்தது.

"அண்ணி" என்று மதலை மெதுவாகக் கூப்பிட்டான். "கரை வந்துடுச்சுங்க. கைய வுடுங்க."

பார்த்தேன். எல்லோரும் வேட்டியையும் முந்தானையையும் பிழிந்துகொண்டிருந்தார்கள்.